சீட்டுப் பானைக்கு முன்னால் இரண்டு நாழிகை

பாடு சீட்டு எடுக்கிற நாளில், பானைக்குள் கை போவதற்கு முன்னால் இரண்டு நாழிகை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே, அது எதற்கு என்று நீங்கள் மூன்று பேரும் போன வாரம் கேட்டு அனுப்பியிருந்தீர்கள். வெயிலில் ஜனங்கள் காய்கிறார்கள், அது சாமி காரியமும் இல்லை, கோட்டை உத்தரவும் இல்லை, இந்த வருஷத்திலிருந்து நிறுத்திவிடலாமா என்று. புதிதாக ஊர்ப் பெரியதனத்துக்கு வந்தவர்கள் முதலில் எதையாவது நிறுத்தத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் மரியாதையாகக் கேட்டீர்கள், அதனால் எழுதியே பதில் சொல்கிறேன். நேரில் சொன்னால் நடுவில் யாராவது மோர் கொண்டு வருவார்கள், நானும் ஏதாவது வேடிக்கை பேசி விஷயத்தைப் பாதியில் விட்டுவிடுவேன்.

பாடு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் காகிதம் வேறு யார் கையிலாவது சிக்கினால் என்று எழுதி வைக்கிறேன்: நம் ஏரியில் எந்த வீடு எந்த இடத்தில் எப்போது வலை கட்டலாம் என்கிற முறைதான் பாடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தன் அடையாளம் கீறிய சிப்பி ஒன்று உண்டு. சிப்பிகளைப் பானையில் போட்டு, வெளியே வருகிற வரிசையில் இடம் கொடுப்போம். ஒருமுறை போட்ட வரிசை ஏழு வருஷம் சுற்றி வரும். அந்தப் பானையில் சிப்பி விழாத வீடு ஏழு வருஷமும் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

என்னைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. பழவேற்காட்டுச் சுண்ணாம்பை முதன்முதலில் கடல் வழியாகச் சென்னப்பட்டணத்துக்கு ஏற்றியவன் நான் என்பது ஒன்று. சொந்தக் கூட்டாளிக்குக்கூட விட்டுக்கொடுக்காத பெரியதனக்காரன் என்பது இன்னொன்று. முதல் பேச்சில் பாதி வேறொருவனுக்குச் சேர வேண்டியது. இரண்டாவது எனக்குச் சேரவே கூடாதது. இரண்டிலும் இருக்கிறவன் ஒரே ஆள்தான். வேம்புலி என்று பெயர். அவன் ஊரைவிட்டுப் போன பிறகு பிறந்தவர்கள் நீங்கள்.

நான் காளவாய்ச் சூளை போட்ட காலத்தில் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு மாட்டு வண்டியில் பொன்னேரிக்கும் காட்டூருக்கும் போகும். அதற்கு மேல் போகாது. சென்னப்பட்டணத்தில் வெள்ளைக்காரர்கள் வரிசையாக வீடு கட்டுகிறார்கள், நம் ஏரிக் கிளிஞ்சலோ காலில் குத்திக்கொண்டு கிடக்கிறது, இரண்டையும் ஒரு படகு சேர்த்துவிடாதா என்று எனக்குத் தோன்றியது. சொன்ன இடத்திலெல்லாம் சிரித்தார்கள். சிப்பி பொறுக்கி செட்டியாராகப் போகிறான் என்றார்கள். சிரிக்காதவன் வேம்புலி ஒருவன்தான். என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவன், ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் மணல் நேற்று எங்கே இருந்தது, இன்று எங்கே நகர்ந்திருக்கிறது என்பது அவனுக்குத் தன் வீட்டு முற்றம் மாதிரி தெரியும். "படகு நான் ஓட்றேன். யேவாரம் நீ பாரு" என்று சொல்லிவிட்டு அன்றே பாயைத் தைக்க உட்கார்ந்துவிட்டான்.

முதல் நடையில் இருந்த சுண்ணாம்பு என்னிடம் இருந்த எல்லாமே. எண்ணூருக்கு நேராகப் போகும்போது காற்று திரும்பி, பக்கவாட்டில் ஓர் அலை ஏறி உள்ளே விழுந்தது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று காளவாய்க்காரனுக்குத் தெரியும். கோணிகள் சீறின. அடியில் பலகை சூடேறிப் புகைந்தது. நான் பாயை எடுத்து மூடு, தண்ணீரை இறை என்று எதையோ கத்தினேன். வேம்புலி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துடுப்பை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு மூட்டைகளைத் தூக்கிக் கடலில் எறிய ஆரம்பித்தான். நான் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

"சுண்ணாம்ப மறுபடி சுட்டுக்கலாம்ண்ணா. நவுரு" என்று என்னைத் தள்ளிவிட்டு அதையும் பிடுங்கினான். அந்த மூட்டைதான் அவன் கையில் கிழிந்தது. காற்று அதிலிருந்த சுண்ணாம்பு முழுவதையும் அவன் முகத்தில் அடித்தது.

பாதிச் சரக்கோடு சென்னப்பட்டணம் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பாதியை வைத்துத்தான் என் வியாபாரம் காலூன்றியது. வேம்புலிக்கு இடது கண் வெளுத்துவிட்டது. எண்ணெய் விட்டுப் பார்த்தோம், கோட்டை வைத்தியரிடம் காட்டினோம், வெளுப்பு போகவில்லை. அதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான்தான் அவனோடு பேசும்போது வலது பக்கமாகப் போய் நின்றுகொள்வேன்.

தம்பிகளா, இதில் உங்களுக்கு ஒன்று இருக்கிறது. அவன் என் முகத்தைப் பார்த்திருந்தால் மூட்டையை எறிந்திருக்க மாட்டான். படகைப் பார்த்தான், எறிந்தான். முதலாளி என்ன நினைப்பார் என்கிற யோசனையே அவனுக்கு அப்போது இல்லை. அந்த இடத்தில் எனக்கு அது புரிந்தது என்றுதான் நினைத்தேன். புரியவில்லை என்பது பத்து வருஷம் கழித்துத் தெரிந்தது.

அந்தப் பத்து வருஷத்தில் படகு இரண்டானது, காளவாய் மூன்றானது. என்னைப் பெரியதனத்துக்கு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த மாதமே ஒரு வழக்கு. மீன் உலர்த்துகிற பெண்கள் திரண்டு வந்தார்கள். வாடைக் காற்றடிக்கும் நாட்களில் காளவாய்ப் புகை முழுவதும் மீன்மேல் படிகிறது, வாங்குகிறவன் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான் என்று புகார். காளவாய் யாருடையது? என்னுடையது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவன்? நானேதான். கூட்டம் முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்து நின்று, வாடை வீசும் நாட்களில் ஒரு காளவாயும் மூட்டக்கூடாது என்று எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னேன். அன்று கிடைத்த பெயர் இருக்கிறதே, அதைப்போல ஒரு போதையை நான் கள்ளுக்கடையில்கூடக் கண்டதில்லை. போகிற வழியெல்லாம் கும்பிட்டார்கள். தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வேம்புலி வந்தான். "நல்ல தீர்ப்புதாண்ணா. ஆனா காளவாயில வேல செய்றவங்க அந்த நாளெல்லாம் இன்னா துன்னுவாங்க? மொதல்ல அவங்கள இன்னானு ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. காளவாயை ஏரிக்கரை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தால் புகையும் போயிருக்கும், வேலையும் நின்றிருக்காது. இரண்டு வருஷம் கழித்து அவன் சொல்லித்தான் அப்படி மாற்றினேன். இன்று நீங்கள் காளவாய் மேடு என்று சொல்வது பழைய இடத்தில் மிச்சமிருக்கிற மண் குவியல்.

இனி சீட்டுக்கு வருகிறேன்.

காளவாயை மாற்றிய சமயத்தில் மூன்று குப்பத்துக்காரர்களுக்கும் பாடு விஷயத்தில் சண்டை முற்றி, மண்டைகள் உடைந்திருந்தன. கோட்டையில் இருந்த ஒல்லாந்துக்காரத் துரைக்கு அலுத்துப்போய்விட்டது. ஒரு நாளைச் சொல்லி, அன்று உச்சிப்பொழுதுக்குள், தன் பேச்சை நமக்குச் சொல்கிற துபாசி சாட்சியாக இருக்கச் சீட்டெடுத்து வரிசையை எழுதிக் கொடுங்கள், முடியாவிட்டால் ஏரியை வெளியாளுக்கு ஏலம் விட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். ஏலம் போனால் நம் ஏரியில் நாமே கூலிக்கு இறங்க வேண்டும். அதனால் மூன்று குப்பமும் கூடிச் சட்டம் போட்டோம். வீட்டுக்காரன்தான் தன் கையால் சிப்பியைப் பானையில் போட வேண்டும். போட்ட பாட்டைக் கைமாற்றக் கூடாது. அன்றைக்கு வராதவனுக்கு அந்தச் சுற்றில் இடம் இல்லை. கூட்டத்தில் இதை உரக்கப் படித்தவன் நான்.

வேம்புலிக்கு அந்தச் சீட்டு மற்றவர்களைவிட முக்கியம். ஒற்றைக் கண்ணோடு கடலில் போவது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகிக்கொண்டிருந்தது. முக்கியமாகச் சென்னப்பட்டணத்திலிருந்து திரும்பி வடக்கே வரும்போது கரை இடது கைப்பக்கம் இருக்கும். அவனுடைய கெட்ட கண் பக்கம். ஒவ்வொரு தடவையும் கழுத்தை முழுக்கத் திருப்பித்தான் கரையைப் பார்ப்பான். இனி கடல் வேண்டாம், ஏரியில் ஒரு பாடு விழுந்தால் வலை கட்டிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தான். நானும் சரி என்றேன். சொல்லிவிட்டு, "இந்த ஒரு நடை மட்டும் போய் வா" என்றேன். சென்னப்பட்டணத்தில் ஒரு பெரிய மேஸ்திரி மாதம் ஒரு படகு சுண்ணாம்பு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் ஊரில் இல்லாவிட்டால் ஒரு நாள் தங்கி, பார்த்துவிட்டே வா என்று சொன்னதும் நான்தான். அந்த ஒரு நாள்தான் இடித்தது.

சீட்டு நாளன்று காலையிலிருந்து அவனைக் காணோம். ஏரிக்கரையில் பானை வைத்தாகிவிட்டது. துபாசி குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சிப்பியைப் போட்டார்கள். நானும் போட்டேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வேம்புலியின் மனைவி அஞ்சலை கடற்கரைப் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். உள்ளங்கையில் அவர்கள் வீட்டுச் சிப்பி.

"மாமா, பாய் தெரியுது. முகத்துவாரத்துக்கு வெளிய நின்னுனு கீறாரு. தண்ணி ஏறினா உள்ள வந்துடுவாரு. ரெண்டு நாழிகதான். இல்லாங்காட்டி நான் போட்டுடட்டா?"

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. ஒரு பக்கம் யாரோ, "பெரியதனத்தோட கூட்டாளி வூடு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. கெட்ட எண்ணத்தோடு சொன்னாரா, இரக்கத்தோடு சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அதைக் கெட்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற ஓர் அம்மா. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் விரல்விட்டே பிழைப்பவர். வலைக்காரர்களின் பாடு முறையில் அவர் ஜனத்துக்குப் பங்கு கிடையாது. பங்கில்லாத கைதான் பானைக்குள் போக வேண்டும் என்பது நம் முறை, அதனால் அவர். அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அவர் இன்று இருந்திருந்தால், எழுதியதற்குச் சண்டைக்கு வந்திருப்பார். பெரியதனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதுதான்.

அவர் தலையைத் தூக்காமலே, "ஒரு வூட்டு சிப்பி கொறையுது நைனா" என்றார்.

"நேரமாச்சும்மா. துரை சொன்ன நேரம்."

"அதோ துபாசி குந்தினு கீறாரு. ரெண்டு நாழிக தாங்குமானு கேளு. கேட்டா இன்னா, வாயி வலிக்கவா போவுது?"

குடை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான் போகவில்லை. என் ஆளுக்காக நான் போய்க் கேட்டேன் என்று மூன்று குப்பமும் பார்க்குமே என்று என் கால் எழவில்லை. அதே இடத்தில் வேறு எவனாவது வெளியே நின்றிருந்தால் ஓடிப்போய்க் கேட்டிருப்பேன். இது சத்தியம். வேம்புலி என் கூட்டாளி என்பதாலேயே அவனிடம், ஊரில் ஒருவனிடமும் காட்டாத கெடுபிடியைக் காட்டினேன்.

"முறைன்னா முறைதான். ஆரம்பிங்க" என்றேன்.

அஞ்சலை கையை மூடிக்கொண்டாள். கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள். அந்த அம்மா பானைக்குள் கையைவிடும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நீ ஞாயம் பாக்கல நைனா. ஊரு உன்ன இன்னா சொல்லும்னு பாக்குற."

முதலில் வெளியே வந்த சிப்பி என்னுடையது. முகத்துவாரத்துக்கு நேர் எதிரே இருக்கும் இடம், ஏரியிலேயே நல்ல இடம். ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள், சாமியே பார்த்துக் கொடுத்தது என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசிச் சிப்பி வந்து, துபாசி வரிசையை எழுதிக்கொண்டு எழுந்த சமயம் வேம்புலி வந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் சிரிப்பு. மெழுகுத்துணியில் சுற்றிய காகிதத்தை நீட்டி, "மேஸ்திரி ஒத்துக்கினாருண்ணா. மாசம் ஒரு நட. உனுக்கு இனிமே கவலையில்ல" என்றான்.

நான் காகிதத்தை வாங்கிக்கொண்டேன். அவன் சுற்றிலும் பார்த்தான். அஞ்சலை வந்து கையைத் திறந்து காட்டினாள். அவன் சிப்பியை எடுத்துக்கொண்டு பானையை எட்டிப் பார்த்தான்.

"ஆயிடுச்சா?"

துபாசி வரிசை எழுதிய காகிதத்தை மடித்துக்கொண்டு கோட்டைப் பக்கம் நடந்தார்.

"சரிண்ணா. முறன்னா முறதான்" என்றான். நான் சொன்ன அதே வார்த்தையை, நான் சொன்னதைக் கேட்காமலேயே சொன்னான். சிப்பியை வேட்டி முனையில் முடிந்துகொண்டு படகைக் கரையேற்றப் போய்விட்டான். என் படகை.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். என் பாட்டை எடுத்துக்கொள் என்றேன்.

"பாட்ட கை மாத்தக் கூடாதுன்னு அத்தன பேரு முன்னால படிச்சதே நீதானண்ணா."

"அப்ப படகு ஒன்ன எடுத்துக்கோ. உனக்கே எழுதித் தர்றேன்."

"ஒத்தக் கண்ண வச்சிக்கினு இன்னும் எத்தினி நாளு கடலுக்குப் போறது? அது முடியலன்னுதான ஏரியில ஒரு எடம் கேட்டேன்."

என்மேல் கோபமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவன் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே சொன்னான்:

"கோவம்லாம் இல்லண்ணா. வெளிய நிக்கும்போது கூட வந்தவன் அவசரப்பட்டான். தண்ணி கம்மியானாலும் மோதிப் பாக்கலாம்னான். நாந்தான் வாணாம்டா, படகு அண்ணனுது, அண்ணன் நமக்காகக் காத்துனு இருப்பாருன்னு சொல்லி நின்னேன்."

அந்த மாதமே குடும்பத்தோடு கிளம்பிவிட்டான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற தீவுக்கும் வடக்கே, தெலுங்கு பேசுகிற கடற்கரையில் அஞ்சலையின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அங்கே போய் யாரோ ஒருவர் வலையில் கூலிக்குச் சேர்ந்தான். முகத்துவாரம் வரை நான் கூடவே போனேன். நான் அவனுடைய வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் மணலைப் பார்த்துக்கொண்டே, "தெக்கால மேடு வளருது, மாசி வரைக்கும் வடக்கு ஓரமா வா" என்று வழி மட்டும் சொன்னான். இறங்கி நின்று அந்தப் பாய் மறையும்வரை பார்த்தேன். பிறகும் நின்றேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து வேறு வேலையாகக் கோட்டைக்குப் போனபோது துபாசி வெற்றிலை மடித்துக்கொண்டே சாவகாசமாகக் கேட்டார்: "அன்னிக்கு ஏன் அவ்ளோ அவசரப்பட்டீங்க? துரை பகல்ல தூங்குவாரு. நான் எழுதினு போனத சாயங்காலம்தான் பாத்தாரு. ரெண்டு நாழிகன்னு கேட்டிருந்தா நான் இன்னா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அந்தக் கோட்டை வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கு நினைவில்லை.

பெரியதனம் என்பது என்ன என்று நீங்கள் கேட்டால், என்னிடம் பெரிய விளக்கம் ஒன்றும் இல்லை. எதிரிக்கு நியாயம் செய்வது சுலபம், ஊர் மெச்சும். அந்நியனுக்குச் செய்வதும் சுலபம். வேண்டியவனுக்கு, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவனுக்கு உரியதை மட்டும் கூசாமல் செய்வதுதான் கஷ்டம். அதை எவரும் பாராட்ட மாட்டார்கள், சந்தேகப்படுவார்கள். அந்தச் சந்தேகத்தை வாங்கிக்கொள்ளத் தைரியம் இல்லாதவன் பெரியதனத் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளக் கூடாது. எனக்கு அன்று தைரியம் இல்லை. இல்லாததற்குத்தான் நேர்மை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில், பஞ்சாயத்தில், எளாவூர்ச் சந்தையில்கூட, "கூட்டாளி சீட்டையே தள்ளினவரு இவருதான்" என்று என்னைக் காட்டுவார்கள். நான் சிரித்துவைப்பேன்.

வியாபாரம் நன்றாக நடந்தது. வேம்புலி கொண்டுவந்த அந்த மேஸ்திரியின் காகிதத்தால்தான் நடந்தது. ஒவ்வொரு நடைக்கும் படகு வெளியே போய்த் திரும்பும்போது, மணலைப் பார்த்துச் சொல்ல முகத்துவாரத்தில் ஆள் நிறுத்த வேண்டியிருந்தது. ஆனாலும் இரண்டு தடவை தரை தட்டியது. மாலையில் காளவாய்ப் பக்கம் போனால், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவன் என்னைக் கேலி செய்வது காதில் கேட்கிற மாதிரி இருக்கும். புதிதாக வருகிற ஒவ்வொருவனிடமும் பேசும்போது என்னையறியாமல் வலது பக்கம் நகர்ந்துவிடுவேன். ஏன் இப்படி நகர்கிறீர்கள் என்று உங்களில் ஒருவரே ஒருமுறை கேட்டார்.

போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல காற்றிருந்தால் ஒன்றரை நாள். ஒவ்வொரு வருஷமும் தை பிறந்தால் கிளம்பிவிடுவது என்று நினைப்பேன். அப்போது ஒரு வழக்கு வரும், கோட்டையிலிருந்து ஆள் வரும், காளவாயில் ஏதாவது ஆகும். போகாமல் இருப்பதற்குப் பெரியதனம் ஒரு நல்ல சாக்கு. போய் நின்றால் அவன் சிரித்துக்கொண்டே சோறு போடுவான் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று பயந்தேன்.

ஏழு வருஷச் சுற்று முடிந்தது. அடுத்த சீட்டுக்கு மூன்று மாதம் முன்பே வடக்கே போகிற உப்புப் படகுக்காரரிடம் சொல்லியனுப்பினேன்: சிப்பியோடு வா, உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. மூன்று குப்பத்தையும் கூட்டிச் சட்டத்தையும் மாற்றினேன். வீட்டுக்காரன் இல்லாவிட்டால் மனைவி கையால் சிப்பி போடலாம். கடலில் ஒரு பாய் தெரிந்தால் அது உள்ளே வரும்வரை காத்திருக்க வேண்டும். சண்டை போட்டார்கள். இதெல்லாம் கூட்டாளிக்காகச் செய்கிறான் என்று நேராகவே சொன்னார்கள். ஆமாம், அவனுக்காகத்தான் என்றேன். அப்படிச் சொன்னபோது என் மேலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

சீட்டு நாள் வந்தது. இந்த முறை நானே குடைக்குக் கீழே போய்ப் புதுத் துபாசியிடம் பொழுது சாயும்வரை நேரம் கேட்டு வாங்கினேன். ஒரே ஒரு கேள்விதான். அவர் உடனே தலையாட்டினார். பானையை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தோம். நான் கடற்கரை மணலுக்கும் பானைக்குமாக எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. பிள்ளைகளுக்குப் பசித்தது, பெண்கள் சலித்துக்கொண்டார்கள். உச்சி சாய்ந்தது, தண்ணீர் ஏறியது, இறங்கவும் இறங்கியது. வடக்கே ஒன்றும் இல்லை.

தடவல்கார அம்மா அதற்குள் கிழவியாகியிருந்தார். விரல்கள் மடங்கவில்லை. அவ்வளவு நேரமும் பானையைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார். நான் கடைசியாகத் திரும்பி வந்தபோது, "இன்னா நைனா, எடுக்கட்டா?" என்று கேட்டார். போன தடவை அவர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. நான் தலையை அசைத்தேன். அவர் கையை உள்ளே விடுவதற்கு முன் என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு விட்டார். தண்ணீரிலேயே ஊறிய, சிப்பி கிழித்த கை.

இரண்டு மாதம் கழித்து உப்புப் படகுக்காரர் திரும்பினார். நான் சொன்னது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பொழுது சாயும்வரை காத்திருந்தோம் என்பதும், வேறு படகு மூலமாக அவன் காதுக்குப் போயிருந்தது.

"இன்னா சொன்னான்?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு. அப்புறம் கெளம்பும்போது கூப்ட்டு, அண்ணன் மணல்ல நின்னுக்கினா பாத்துது, மணல்ல நின்னா பாய் தாமசமாத்தான் தெரியும், பழைய காளவா மேட்டு மேல ஏறிப் பாக்கச் சொல்லுன்னாரு."

"சிப்பி?"

"கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுனு கீறாரு. இன்னா இதுன்னு கேட்டேன். எங்க ஊரு சீட்டுன்னாரு."

நான் அந்த மனிதர் முன்னாலேயே அழுதேன். வேம்புலி எனக்கு அனுப்பியது அவ்வளவுதான். ஆனால் என்னை மன்னித்ததாக ஆயிரம் வார்த்தை எழுதியிருந்தாலும் இந்த அளவு இருந்திருக்காது. படகுக்காரனுக்கு வழி சொல்கிற மாதிரி எனக்கும் வழி சொல்லியிருக்கிறான்.

அதிலிருந்துதான் சீட்டு நாளில் மேட்டில் ஏறிப் பார்க்கிறோம். பொழுது சாயும்வரை என்பது ஜனங்களுக்குக் கஷ்டம் என்று பிறகு இரண்டு நாழிகையாகக் குறைத்தேன். அவ்வளவு நேரம்தான் அஞ்சலை அன்று கேட்டாள். நீங்கள் இதை ஏதோ பழைய சம்பிரதாயம் என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை. இது என் ஒருவன் தப்பிலிருந்து வந்தது. ஆனாலும் இந்தக் காத்திருப்பில் வேறு நான்கு வீடுகள் பிழைத்திருக்கின்றன. புயலில் தாமதமான படகும் உண்டு, பிரசவ வலியில் மனைவியை விட்டு வர முடியாமல் கடைசி நிமிஷத்தில் ஓடி வந்தவனும் உண்டு. உங்களில் ஒருவருடைய அப்பாவும் அந்த நான்கில் இருக்கிறார். யார் என்று சொல்ல மாட்டேன், அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேம்புலி இன்னும் இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. உப்புப் படகுகள் இப்போது முன்போல வருவதில்லை, கோட்டைக்கும் கப்பல்கள் குறைந்துவிட்டன. விசாரித்துச் சொல்லவா என்று பலர் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். கேட்டால் பதில் வந்துவிடும்.

அதனால் நிறுத்தாதீர்கள். உங்களிடம் நான் பெரியதனக்காரனாகக் கேட்கவில்லை, அந்த உரிமை எனக்கு இப்போது இல்லை. தயவாகக் கேட்கிறேன். முழங்கால் வலியால் இந்த வருஷம் என்னால் மேட்டில் ஏற முடியாது. கண் நன்றாகத் தெரிகிற ஒருவரை ஏற்றுங்கள். தெற்கே மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டாம், வடக்கேயும் பார்க்கச் சொல்லுங்கள், நன்றாக நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். அவன் வருவதானால் வடக்கிலிருந்துதான் வருவான். அந்தப் பக்கமிருந்து வந்தால் கரை அவனுக்கு வலது கைப்பக்கம், நல்ல கண் பக்கம். மேட்டில் ஆள் நிற்பது அவன் கண்ணுக்குத் தெரியும்.